கட்டுரை எங்கே இடிக்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் புதுச்சேரியில் எம்.ஏ. வரலாறு படித்தேன், தினமும் இங்கிருந்து பஸ்ஸில் போய்வந்து. அசைன்மென்ட் எழுதத் திணறியதும் தெரியும், பிள்ளைகள் எழுதிக் கொண்டுவருவதை டைப் அடித்த அனுபவமும் உண்டு. டைப் அடிக்கிறவளுக்கு ஒரு வசதி என்னவென்றால் ஒவ்வொரு வார்த்தையும் விரல் வழியாகப் போவதால், எந்த இடத்தில் எழுதுகிற ஆள் மாறிவிட்டார் என்று விரலுக்கே தெரிந்துவிடும். மூன்றாம் பத்தி வரை தட்டுத் தடுமாறி வந்த வாக்கியம் நான்காம் பத்தியில் திடீரென்று கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நிற்கும். நான் நிமிர்ந்து பார்ப்பேன், எதிரே இருக்கிற பிள்ளை செல்போனைப் பார்க்கும்.

"அக்கா, கட்டுரை சரியா வரல" என்று சொல்கிறவர்களிடம் என்ன வரலை என்றுதான் முதலில் கேட்பேன். ஒவ்வொரு கோளாறுக்கும் வேர் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. அதனால் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன், உங்களுக்கு எது பொருந்துகிறதோ நேரே அங்கே போங்கள். உதாரணத்துக்கு அடிக்கடி அரிக்கமேட்டை, அதாவது புதுச்சேரிக்குப் பக்கத்தில் பழைய துறைமுக ஊரைத் தோண்டியெடுத்த இடத்தை இழுப்பேன், நான் மாட்டிக்கொண்டது அதில்தான்.

அறிகுறி: மூன்று நாளாகப் பக்கம் காலியாகவே இருக்கிறது

உங்கள் கையில் தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. "அரிக்கமேடு" என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு யாராலும் எழுத முடியாது, எழுதினால் கைடு மாதிரிதான் வரும். "அரிக்கமேடு ரோமானியர் வணிகத் தளம் என்ற கருத்தை மதிப்பிடுக" என்று கொடுத்திருந்தால் அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பிடிக்க வேண்டும். விவரி என்றால் என்ன இருந்தது என்று சொன்னால் போதும். ஒப்பிடுக என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும், முதலில் ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம், அப்புறம் இன்னொன்றைப் பற்றி இரண்டு பக்கம் என்று அடுக்கினால் ஒப்பீடு ஆகாது. மதிப்பிடுக என்றால் அந்தக் கருத்து எவ்வளவு தூரம் தாங்கும், எங்கே தாங்காது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வெறும் தலைப்பு மட்டும் கொடுத்திருந்தால் நீங்களே கேள்வி ஆக்கிக்கொள்ளுங்கள். ஆமாம், இல்லை, பாதி ஆமாம் என்று மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் சாரிடமோ மேமிடமோ காட்டுங்கள், ஒரு நிமிஷ வேலை. "இப்படிக் கேட்டால் சரியா சார்?" என்று வந்து நிற்கிற பிள்ளையைத் திட்டுகிற வாத்தியாரை நான் பார்த்ததில்லை, சமர்ப்பிக்கிற அன்றைக்குப் போய் நின்றால்தான் திட்டு விழும்.

அறிகுறி: பக்கம் நிறைகிறது, விஷயம் இன்னும் வரவில்லை

"மனிதன் தோன்றிய காலம் முதல்" என்றோ "பாரதத் திருநாட்டின் தொன்மையான" என்றோ ஆரம்பித்திருப்பீர்கள். முதல் பத்தியை முழுசாக அடித்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். கட்டுரைக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் அது அங்கே இருக்க வேண்டியதே இல்லை. சில பேருக்கு மூன்று பத்தி வரை அடிக்கலாம்.

அறிகுறி: "விவரணை மட்டுமே, வாதம் இல்லை" என்று சிவப்பு மையில் வந்திருக்கிறது

இதில்தான் பலரும் விழிக்கிறார்கள், "எல்லாத்தையும் எழுதியிருக்கேனே அக்கா" என்று. எல்லாவற்றையும் எழுதியதுதான் கோளாறு. போன செமஸ்டரில் ஒரு தம்பி கொண்டுவந்த பத்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கு ஆம்போரா ஜாடிகள், அரெட்டைன் மட்கலங்கள், மணிகள் கிடைத்தன. பின்பு கசால் அகழாய்வு செய்தார். அதன்பின் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் அகழாய்வு நடந்தது."

(ஆம்போரா என்பது ரோமானியர் ஒயின், எண்ணெய் அனுப்பிய ஜாடி, அரெட்டைன் என்பது இத்தாலியில் செய்த சிவப்பு மட்கலம்.) தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நாலு வாக்கியமும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன, எஞ்சின் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அந்தத் தம்பியிடம் கேட்டேன், "வீலர் என்ன நினைச்சார், பெக்லி ஏன் மறுபடி தோண்டினாங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டு வாயால் சொன்னான். அப்படியே எழுது என்றேன். வந்தது இது:

"இத்தாலியில் செய்த மட்கல ஓடுகள் கிடைத்ததை வைத்து வீலர் இந்த இடத்தை இந்திய-ரோமானிய வணிக நிலையம் என்றார். வெளியிலிருந்து வந்த வணிகத்தால்தான் ஊர் உருவானது என்ற எண்ணம் இதில் இருக்கிறது. விமலா பெக்லி அதே சான்றுகளைத் திரும்பப் பார்த்து, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கு ஊர் இருந்தது என்று வாதிடுகிறார். ஆகவே ஓடு இத்தாலியிலிருந்து வந்தது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை, ஊரை உண்டாக்கியது யார் என்பதில்தான் சண்டை."

கடைசி வாக்கியம் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததல்ல, அவனுடையது. வாத்தியார் அந்த வாக்கியத்தின் ஓரத்தில் டிக் போட்டிருந்தார் என்று வந்து காட்டினான்.

உங்கள் கட்டுரையைச் சோதிக்க எளிய வழி: ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பென்சிலால் "அதனால் என்ன?" என்று எழுதுங்கள். பத்திக்குள் பதில் இருந்தால் விடுங்கள். இல்லையென்றால் பதிலை ஒரு வாக்கியமாகச் சேருங்கள், பதிலே தோன்றவில்லையென்றால் பத்தியைத் தூக்கிவிடுங்கள்.

அறிகுறி: எது என் வாக்கியம், எது புத்தக வாக்கியம் என்று எனக்கே தெரியவில்லை

இது என் கதை. எம்.ஏ. முதல் வருஷம், அரிக்கமேடு பற்றி எட்டுப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கஷ்டப்பட்டு எழுதியது, நாலு நாள் லைப்ரரியில் உட்கார்ந்தேன், திருடுகிறோம் என்ற நினைப்பே இல்லை. சார் கூப்பிட்டார். என் தாளிலிருந்தே ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டி, "இதுல மண்ணடுக்குன்னு எழுதியிருக்கியே, அதை வச்சு எப்படிம்மா காலம் சொல்வாங்க?" என்றார். தெரியவில்லை. என் கையெழுத்தில் இருக்கிற வாக்கியத்துக்கு எனக்கே அர்த்தம் தெரியவில்லை. அவர் மார்க்கைப் பற்றிப் பேசவே இல்லை, "நோட்டை எடு" என்றார். எடுத்தேன். மூன்று புத்தகத்திலிருந்து எழுதியது, நானாக யோசித்து எழுதியது, எல்லாம் ஒரே நீல மையில், மேற்கோள் குறி இல்லாமல், பக்க எண் இல்லாமல் ஒரே ஓட்டமாக இருந்தது. "திருட்டு இங்கயே நடந்துபோச்சு பாரு" என்று நோட்டைத் தட்டினார்.

அன்றைக்கு அழுதேன் என்பது வேறு விஷயம். ஆனால் அவர் சொன்னது சரி. இருபது நாள் கழித்து நோட்டைப் பார்த்து எழுத உட்காரும்போது, எது யார் எழுதியது என்று கண்டுபிடிக்க எந்தத் தடயமும் இருக்காது. அப்புறம் நேர்மையாக இருக்க ஆசைப்பட்டாலும் வழி இல்லை. அதனால் சரிசெய்ய வேண்டிய இடம் கட்டுரை அல்ல, நோட்டு.

நான் அதற்கப்புறம் செய்தது: நோட்டின் இடது பக்கம் புத்தகத்துக்கு, வலது பக்கம் எனக்கு. இடது பக்கத்தில் முதல் வரியிலேயே ஆசிரியர் பெயர், நூல், ஆண்டு எழுதிவிட வேண்டும், படித்து முடித்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுத மாட்டீர்கள். புத்தகத்து வாக்கியத்தை அப்படியே எழுதினால் மேற்கோள் குறி போட்டு, பக்கத்திலேயே பக்க எண். வலது பக்கத்தில் வேறு நிற மையில் எனக்குத் தோன்றியது, புரியாதது, ஒத்துக்கொள்ளாதது. "இவர் சொல்றது போன புத்தகத்துக்கு நேர் எதிர், பார்க்கணும்" என்ற அளவில் இருந்தாலே போதும். எழுத உட்காரும்போது வலது பக்கத்தைப் பார்த்துதான் எழுதுவேன், மேற்கோள் வேண்டும்போது மட்டும் கண் இடது பக்கம் போகும்.

இப்போது எல்லோரும் செல்போனில் படம் எடுக்கிறார்கள். சரி, எடுங்கள், ஆனால் முதல் படம் நூலின் தலைப்புப் பக்கமாக இருக்கட்டும், அடுத்த படங்களில் பக்க எண் தெரியட்டும். தலையும் இல்லாமல் காலும் இல்லாமல் நடுப் பத்தியை மட்டும் எடுத்த படம் கேலரியில் நாற்பது கிடக்கும், ஒன்றுக்கும் உதவாது. கம்ப்யூட்டரில் காப்பி பேஸ்ட் செய்து குறிப்பு வைத்துக்கொள்கிறவர்கள் ஒட்டிய கையோடு சிவப்பு நிறம் ஏற்றிவிடுங்கள். கடைசிப் பிரதியில் சிவப்பு எங்கேயாவது இருந்தால் அங்கே மேற்கோள் குறியும் மூலமும் இருக்க வேண்டும், அல்லது நீக்க வேண்டும்.

அறிகுறி: வார்த்தையெல்லாம் மாற்றிவிட்டேன், இன்னும் காப்பி என்கிறார்கள்

புத்தகத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வையுங்கள், நான் உதாரணத்துக்குச் சொல்கிறேன்: "அரிக்கமேட்டில் கிடைத்த இத்தாலிய மட்கலங்களைக் கொண்டு அந்த இடத்தின் காலத்தை உறுதியாகக் கணிக்க முடிந்தது, அதன் விளைவாகத் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு கால அளவுகோல் கிடைத்தது."

நீங்கள் எழுதுவது: "அரிக்கமேட்டில் அகப்பட்ட இத்தாலி நாட்டு மண்பாண்டங்களை வைத்து அவ்விடத்தின் காலகட்டத்தைத் திடமாக நிர்ணயிக்க இயன்றது, அதன் பயனாகத் தென்னகத் தொல்லியலுக்கே ஒரு கால அளவீடு கிட்டியது." சட்டையை மாற்றியிருக்கிறீர்கள், உள்ளே இருக்கிற ஆள் அவரேதான், காற்புள்ளி கூட அதே இடத்தில் இருக்கிறது. கிடைத்தது போய் அகப்பட்டது வந்ததால் மொழியும் கெட்டுப்போனது.

புத்தகத்தை மூடுங்கள். பக்கத்தில் இருக்கிற தங்கைக்கோ அம்மாவுக்கோ அந்த விஷயத்தைச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லையென்றால் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பத் திறந்து படியுங்கள். சொல்ல முடிந்தால் சொன்னதை எழுதுங்கள். எனக்கு வந்தது இது: "இத்தாலியில் அரெட்டைன் மட்கலம் எந்தக் காலத்தில் செய்தார்கள் என்பது முன்பே தெரிந்த விஷயம். அதே ஓடு அரிக்கமேட்டு மண்ணடுக்கில் கிடைத்ததும், கூடவே கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அந்த உள்ளூர்ப் பானை வேறு ஊர்களில் கிடைத்தால் அங்கேயும் சொல்லலாம்." சார் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது, எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

எழுதிய பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள், அர்த்தம் திரிந்திருக்கிறதா, ஐந்தாறு வார்த்தை அப்படியே வந்துவிட்டதா என்று. அப்புறம் மூலத்தைக் குறிப்பிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாக்கியம் உங்களுடையதாக ஆனாலும் கருத்து அவருடையது, வீலர் 1946 என்று போட வேண்டிய இடத்தில் போட்டே ஆக வேண்டும். எதற்குப் போட வேண்டாம் என்றும் கேட்பீர்கள். 1945இல் அகழாய்வு நடந்தது என்பது எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும், யாரும் மறுக்க மாட்டார்கள், அதற்கு வேண்டாம். அது ரோமானியர் நிலையம் என்பது ஒருவரின் முடிவு, அதற்கு வேண்டும். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள், கூடுதலாகப் போட்டதற்காக யாரும் திட்டு வாங்கியதில்லை.

அறிகுறி: சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் 38 சதவீதம்

முதலில் பதறாதீர்கள், உங்கள் எழுத்து மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டுகிற அந்த ரிப்போர்ட்டைத் திறந்து எதெது நிறம் பூசியிருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். நூற்பட்டியல், மேற்கோள் குறிக்குள் இருப்பது, சட்டப் பெயர், முன் பக்கச் சான்றிதழ் வாசகம் எல்லாம் சேர்ந்தே எண் ஏறியிருக்கலாம். அவற்றை நீக்கிவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னால் பாதியாகக் கூட இறங்கும். அதே சமயம் 8 சதவீதம்தான், ஆனால் அந்த எட்டும் ஒரே பக்கத்தில் முழுப் பத்தியாக இருக்கிறது என்றால் அது எண்ணைவிட மோசமான சங்கதி.

விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பயப்படுவது வதந்தியை நம்பித்தான். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் கருத்துத் திருட்டு பற்றி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. ஆய்வேடு, டெசர்டேஷன் போன்றவற்றுக்கு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருஷத்துக்குத் திருத்திய பிரதியைத் தரவே முடியாது, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. அசைன்மென்ட், டெர்ம் பேப்பர், கட்டுரை, விடைத்தாள் இவையெல்லாம் இந்த ஒழுங்குமுறையில் வராது என்று அதிலேயே இருக்கிறது. அதனால் "10 சதவீதம் வரை காப்பி அடிக்கலாம்னு யு.ஜி.சி. சொல்லியிருக்கு" என்று நண்பன் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் அசைன்மென்ட்டுக்கு உங்கள் துறையும் வாத்தியாரும் வைத்ததுதான் சட்டம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணைக் குறைப்பதற்காக எழுத்தை மாற்றும் மென்பொருளில் போட்டு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் பிரிண்ட் கேட்பார்கள். ஒரு தடவை "சோழ மண்டலக் கடற்கரை" என்பது "சோழ வட்டாரச் சமுத்திர ஓரம்" என்று மாறி வந்தது. எண் குறைந்திருந்தது, உண்மைதான்.

அறிகுறி: மொழிபெயர்த்ததால் இது என்னுடையது என்று நினைத்தேன்

ஆங்கிலப் புத்தகத்தை நீங்கள் தமிழில் ஆக்கினாலும், கூகுள் ஆக்கினாலும், கருத்தும் வரிசையும் அந்த ஆசிரியருடையது. மொழிபெயர்ப்பு என்று சொல்லி மூலத்தைக் குறிப்பிட்டால் சரி, சொல்லாவிட்டால் காப்பிதான்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு விபத்து இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு தமிழில் எழுதியது. அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904இலிருந்து 1928க்குள் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு இணையத்தில் சட்டென்று கிடைப்பது அந்த ஆங்கிலத் தொகுதிதான். அதை எடுத்து, கூகுளில் போட்டுத் தமிழாக்கி, மேற்கோள் குறிக்குள் போட்டு "என்று பிள்ளை எழுதுகிறார்" என்று முடிக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு துபாஷி "அவர் ஆச்சரியத்தை வெளிப்படுத்தினார்" என்று பேசுகிறார்! மேற்கோள் குறி என்பது இவர் இந்த வார்த்தைகளைத்தான் சொன்னார் என்ற சத்தியம். தமிழ்ப் பதிப்பைத் தேடிப் போய் அவருடைய தமிழை எடுங்கள். புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இலிருந்து இருக்கிறது, பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இலிருந்து இருக்கிறது, உங்கள் கல்லூரி நூலகரிடம் எந்த நூல் எங்கே கிடைக்கும் என்று முதலில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். அப்படியும் தமிழ்ப் பதிப்பு கைக்கு வரவில்லையென்றால் ஆங்கிலத் தொகுதியிலிருந்து சாரத்தை உங்கள் வாக்கியத்தில் சொல்லி, ஆங்கிலத் தொகுதி என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: நூற்பட்டியலில் இருக்கிற புத்தகம் உலகத்திலேயே இல்லை

ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஆசிரியர் பெயர் அழகாக இருக்கும், ஆய்விதழ் பெயர் நம்பும்படி இருக்கும், பக்க எண் கூட இருக்கும், தேடினால் கிடைக்காது. குண்டு உப்பலவாடியிலிருந்து வருகிற ஒரு பெண் நம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டை பற்றி அப்படி ஒன்று கொண்டுவந்தாள். டைப் அடித்துக்கொண்டே பட்டியலைத் தேடிப் பார்த்தேன், ஐந்தில் மூன்று இல்லவே இல்லை. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. 1690இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து அந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் சேர்த்துத்தான் பேரம். அப்படிக் கிடைத்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். அவள் ஊர்ப் பெயரிலேயே குண்டு இருக்கிறது, கட்டுரையில் ஒரு வரி இல்லை. "நிஜமாவா அக்கா?" என்றாள். போய்ப் படி என்றேன். திரும்ப எழுதிக்கொண்டு வந்தபோது முதல் பத்தியே குண்டு சாலையில் ஆரம்பித்தது.

ஏ.ஐ.யைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், நானே கடைக்கு விளம்பர வாசகம் கேட்டிருக்கிறேன். உங்கள் வாத்தியார் எதுவரை அனுமதிக்கிறார் என்று கேளுங்கள், அனுமதித்தால் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டுரைக் கடைசியில் ஒரு வரி எழுதுங்கள். கண்ணால் பார்க்காத நூலை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஏ.ஐ. சொன்னாலும் சரி, சீனியர் சொன்னாலும் சரி.

அறிகுறி: எனக்குத் தெரிந்தது எதுவும் கட்டுரையில் இல்லை

தானே புயல் பற்றி எக்கனாமிக்ஸ் மாணவன் ஒருவன், பண்ருட்டிப் பக்கத்துப் பையன். 2011 டிசம்பர் 30 காலையில் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது, முந்திரி, பலா மரங்கள் சாய்ந்தன, விவசாயிகள் பாதிக்கப்பட்டனர் என்று செய்தித்தாள் நடையில் ஆறு பக்கம். உங்க வீட்ல மரம் இருந்ததா என்று சும்மாதான் கேட்டேன். தாத்தாவுக்கு இரண்டு காணி முந்திரி, ஒன்று விடாமல் போனது, புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வருகிற வரைக்கும் அப்பா திருப்பூர் போனார், தாத்தா கடன் வாங்கினார், விழுந்த மரத்தை விறகுக்கு எடுக்கவே ஆள் கிடைக்கவில்லை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விழுந்ததால் விறகு விலையும் படுத்துவிட்டது என்று கடகடவென்று சொன்னான். ஏன் எழுதவில்லை என்றால், "அது வீட்டு விஷயம்க்கா, புக்குல இல்லையே."

அதுதான் பொருளாதாரம். நிவாரணம் ஒரு தடவை வரும், மரம் காய்க்க வருஷக்கணக்கில் ஆகும், இடையில் குடும்பம் என்ன செய்தது என்பது ஒரு முழுக் கட்டுரைக்கான கேள்வி. தாத்தாவும் ஒரு மூலம்தான், அவரிடமும் ஒழுங்காக அனுமதி கேட்டு, என்ன தேதியில் பேசினோம் என்று குறித்து, நேர்காணல் என்று குறிப்பிட வேண்டும். ஒரு குடும்பத்தை வைத்து மாவட்டம் முழுக்க இப்படித்தான் என்று நீட்டக்கூடாது, அது ஒரு உதாரணம் என்று சொல்லிவிட்டு அரசுப் புள்ளிவிவரத்தோடு பக்கத்தில் வைக்க வேண்டும்.

வரலாற்றுப் பிள்ளைகளுக்கும் இதே மருந்துதான், ஒரு தடவை அரிக்கமேட்டுக்கு நேரில் போங்கள், கடலூர் பஸ் அரியாங்குப்பம் வழியாகத்தான் போகிறது. ஆற்றங்கரையில் தோப்புக்குள் நிற்கிற செங்கல் சுவரைப் பார்த்து ரோமானியர் கட்டடம் என்று படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய மடத்தின் மிச்சம். ரோமானிய ஓட்டைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். போய்வந்தவருக்கு இந்தத் தப்பு வராது, இரண்டு நல்ல வாக்கியமும் கிடைக்கும்.

அறிகுறி: ஆங்கிலத்தில் எழுத வரவில்லை, அதனால்தான் காப்பி அடிக்கிறேன்

இதைச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, நானும் தமிழ் மீடியம். தமிழில் எழுதலாமா என்று முதலில் கேளுங்கள், பல துறைகளில் அனுமதி உண்டு, நாமாகவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில்தான் வேண்டுமென்றால் வாதத்தைத் தமிழில் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு, அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாகச் சொல்லுங்கள். எட்டு வார்த்தை வாக்கியம் போதும். இலக்கணப் பிழைக்கு ஒன்றிரண்டு மார்க் போகும், போகட்டும். இலக்கணத்தை யாராவது திருத்திக் கொடுத்தால் தப்பில்லை, வாதத்தை யாராவது எழுதிக் கொடுத்தால்தான் தப்பு.

அறிகுறி: "அக்கா, நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்களேன்"

மாட்டேன். டைப் அடிப்பதற்கு மட்டும்தான் காசு வாங்குவேன். சீனியரின் பழைய அசைன்மென்ட்டைக் கொண்டுவந்து பெயரை மட்டும் மாற்றச் சொன்னாலும் மாட்டேன், ஒரு தடவை மாற்றிக் கொடுத்து, உள்ளே நன்றியுரையில் சீனியரின் அம்மா அப்பா பெயர் அப்படியே போய்விட்டது. அன்றோடு நிறுத்தினேன்.

அறிகுறி: நாளைக் காலை சமர்ப்பிக்க வேண்டும், ஒன்றும் எழுதவில்லை

ஒரு நாள் தவணை கேட்டு இப்போதே வாத்தியாருக்கு மெசேஜ் அனுப்புங்கள், பாட்டி செத்த கதையெல்லாம் வேண்டாம், எழுதவில்லை என்றே சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மூன்று பக்கம் போதும். ஒரு கேள்வி, உங்கள் பதில், அதற்கு இரண்டு காரணம், எதிர்த்துச் சொல்லக்கூடியது ஒன்று. கையில் உண்மையாக இருக்கிற இரண்டு நூல் மட்டும் பட்டியலில். மார்க் குறையும், உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லலாம்.

டைப் அடித்துக்கொண்டு வருகிறவர்கள் பாமினியில் அடிக்காதீர்கள், யூனிகோடில் அடியுங்கள். பாமினி எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக வரும், காலை ஒன்பது மணிக்கு கல்லூரி லேபில் அதைப் பார்த்து அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். பென்டிரைவில் வேர்டு கோப்போடு பி.டி.எஃப்.பும் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பதரை வரை கடை திறந்திருக்கும், ஸ்பைரல் போட பத்து நிமிஷம் ஆகும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு வாருங்கள்.